ஒரு பாக்கெட், ஒரு லிட்டர்

போன மாதம் ஒரு பாட்டி கடைக்கு வந்தார். பேரனுக்கு ரெண்டு நாளாக வயிற்றுப்போக்கு. முந்தின நாள் சாயங்காலம் என்னிடம்தான் ஓஆர்எஸ் பாக்கெட் (பேதிக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு சர்க்கரைப் பொடி) வாங்கிப் போயிருந்தார். "குடிக்கவே மாட்டேங்குறான் தம்பி. உப்பாக் கரிக்குதுங்குறான். குடிச்சா இன்னும் தண்ணி தண்ணியாப் போகுது" என்றார். எவ்வளவு தண்ணீரில் கரைத்தீர்கள் என்று கேட்டேன். ஒரு டம்ளர் என்றார். முழுப் பாக்கெட்டையுமா? "ஆமா, முழுசாத்தான். பாதி போட்டா மருந்து பத்தாதுல்ல?"

எனக்குக் கை கால் ஓடவில்லை. நான் கொடுத்தது ஒரு லிட்டர் பாக்கெட். பையனுக்கு ரெண்டரை வயது. கண் குழி விழுந்திருக்கிறதா, அழும்போது கண்ணீர் வருகிறதா, சுறுசுறுப்பாக இருக்கிறானா என்று கேட்டதற்கு, தூங்கிக்கொண்டே இருக்கிறான் என்றார். அதற்கு மேல் கடையில் பேசிக்கொண்டிருக்க ஒன்றும் இல்லை, உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள் என்று அனுப்பினேன். டிரிப்ஸ் ஏற்றி, மறுநாள் சாயங்காலம் பையன் எழுந்து உட்கார்ந்துவிட்டான் என்று கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

தப்பு என்னுடையது. பாக்கெட்டைக் கவரில் போட்டு, மீதிச் சில்லறை கொடுத்து அனுப்பினேனே தவிர, எவ்வளவு தண்ணீர் என்று சொல்லவில்லை. பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறது, உண்மைதான். அறுபத்தைந்து வயதுக் கண்ணுக்கு அது எப்படித் தெரியும்? போதாக்குறைக்கு ரெண்டு அளவில் பாக்கெட் வருகிறது. நாலு கிராமுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் சின்னது 200 மில்லிக்கு, அதாவது ஒரு டம்ளருக்கு. இருபது கிராம் சுமாருக்கு வரும் பெரியது ஒரு லிட்டருக்கு. சின்னதை வாங்கிப் பழகியவர் பெரியதையும் டம்ளரில்தான் கரைப்பார். பதினாலு வருடமாக மெடிக்கல் ஷாப் கவுண்டரில் நிற்கிறேன், இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து பாக்கெட் கொடுக்கும்போதெல்லாம் அளவைச் சொல்கிறேன். ஆனால் அளவை மட்டும் சொன்னால் மனதில் நிற்பதில்லை. ஏன் அந்த அளவு என்று தெரிந்துவிட்டால் யாரும் மறக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அதற்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் செல்லுக்குள் போக வேண்டியிருக்கும்.

நம் உடம்பில் ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு சவ்வு இருக்கிறது. சவ்வு என்றதும் பிளாஸ்டிக் பை மாதிரி நினைக்க வேண்டாம். அது கொழுப்பு. ரெண்டே ரெண்டு மூலக்கூறு தடிமனுள்ள எண்ணெய்ப் படலம். பத்தாயிரம் சவ்வை அடுக்கினால்தான் ஒரு தலைமுடித் தடிமன் வரும். ரசத்தின் மேல் நெய் மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள், கலக்கினாலும் சேராது. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாத அந்தக் குணத்தில்தான் செல்லின் மொத்தப் பாதுகாப்பும் இருக்கிறது. உப்பு தண்ணீரில் கரைந்ததும் மின்னேற்றம் உள்ள துகள்களாகப் பிரிந்துவிடும். அந்தச் சோடியமும் குளோரைடும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருப்பதால் எண்ணெய்ப் படலத்தைத் தாண்டவே முடியாது. சர்க்கரையாலும் முடியாது. ஆக்ஸிஜன், கரியமில வாயு, குடிக்கிற சாராயம் இதெல்லாம் கேட்காமலே புகுந்து போய்விடும். தண்ணீர் ரெண்டுக்கும் நடுவில். கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், ஆனால் பல செல்களில் அதற்கென்றே தனிக் குழாய் வைத்திருக்கிறது உடம்பு. பீட்டர் அக்ரி என்ற அமெரிக்க விஞ்ஞானி 1990-களின் தொடக்கத்தில் கண்டுபிடித்த அக்குவாபோரின் புரதம் அது. ஒரு குழாயில் ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 300 கோடித் தண்ணீர் மூலக்கூறுகள், ஒன்றன்பின் ஒன்றாக. அதற்காக அவருக்கு 2003-இல் நோபல் கிடைத்தது.

சரி, குழாய் இருக்கிறது. தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?

இதற்கு வடுமாங்காய் போட்ட யாருக்கும் பதில் தெரியும். வடுவைக் கழுவித் துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, கல் உப்பைப் போட்டு ஜாடியில் குலுக்கி வைக்கிறோம். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றுவதில்லை. மூன்றாம் நாள் திறந்து பார்த்தால் ஜாடியில் பாதிக்குத் தண்ணீர், வடு தோல் சுருங்கிக் கிடக்கும். அந்தத் தண்ணீர் அவ்வளவும் மாங்காய்க்குள் இருந்தது. வெளியே உப்பு அதிகம், உள்ளே குறைவு. உப்பு சவ்வைத் தாண்டி உள்ளே போக முடியாததால், தண்ணீர் உப்பு இருக்கும் பக்கமாக வெளியே வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் சவ்வூடு பரவல் என்று படித்தது இதைத்தான். பிளஸ் ஒன் லேபில் ரியோ இலையின் ஊதா தோலை உரித்து உப்புத் தண்ணீரில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் அந்த ஊதா நிறம் செல் சுவரை விட்டு விலகி நடுவில் ஒடுங்குவதைப் பார்த்திருக்கிறேன். அப்போது பத்து மார்க்குக்காகப் பார்த்தேன். அது குழந்தையின் குடலிலும் நடக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

பாட்டியின் டம்ளருக்கு வருவோம். நம் ரத்தத்தின் அடர்த்தி லிட்டருக்கு ஏறக்குறைய 290 மில்லிஆஸ்மோல். கரைந்திருக்கும் துகள்களின் எண்ணிக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள், அலகைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரு பாக்கெட் ஓஆர்எஸ்ஸை ஒரு லிட்டரில் சரியாகக் கரைத்தால் 245. ரத்தத்தைவிடக் கொஞ்சம் குறைவு. அதனால் தண்ணீர் குடலிலிருந்து ரத்தத்துக்குப் போகும். அதே பாக்கெட்டை 200 மில்லியில் கரைத்தால் ஐந்து மடங்கு, 1,200-க்கும் மேல். இப்போது குடல்தான் உப்பு ஜாடி, குழந்தை வடுமாங்காய். ஏற்கெனவே வற்றிப்போன உடம்பிலிருந்து தண்ணீர் குடலுக்குள் இறங்கும், அது பேதியாக வெளியே போகும். "குடிச்சா இன்னும் தண்ணி தண்ணியாப் போகுது" என்று பாட்டி சொன்னாரே, கவனித்துத்தான் சொல்லியிருக்கிறார். அதோடு முடிவதில்லை. உள்ளே ஏறும் அதிகப்படி உப்பால் ரத்தத்தில் சோடியம் கூடினால் மூளைச் செல்களிலிருந்தும் தண்ணீர் வெளியேறும். தூங்கித் தூங்கி வழிவது, வலிப்பு எல்லாம் அதில் வரும். அன்று அந்தப் பையன் தூங்கிக்கொண்டே இருக்கிறான் என்றதும் நான் பயந்தது இதற்குத்தான்.

அப்படியென்றால் உப்பும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம், வெறும் தண்ணீர் கொடுத்தால் போதாதா? இந்தக் கேள்வியைக் கவுண்டரில் நிறையப் பேர் கேட்கிறார்கள், நல்ல கேள்வி. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதியும் இதற்கான பதில்தான்.

நம் உடம்பில் தண்ணீரை இறைக்க எந்தப் பம்ப்பும் கிடையாது. எங்கேயும் கிடையாது. சிறுநீரகத்திலும் இல்லை, குடலிலும் இல்லை, வியர்வைச் சுரப்பியிலும் இல்லை. உடம்பு நகர்த்துவது உப்பை. உப்பு போன பக்கம் தண்ணீர் பின்னாலேயே போகிறது, அவ்வளவுதான். ஒரு நாளைக்கு நாம் ரெண்டு லிட்டர் குடிக்கிறோம். எச்சில், இரைப்பை நீர், பித்தம், கணையநீர், குடலே சுரப்பது என்று உடம்பு தன் பங்குக்கு இன்னும் ஏழு லிட்டர் குடலுக்குள் ஊற்றுகிறது. மொத்தம் 9 லிட்டர். மலத்தோடு வெளியே போவது 100, 200 மில்லி. மீதி முழுவதையும் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது, உப்பை உள்ளே இழுத்து இழுத்தே. வயிற்றுப்போக்கு என்றால் என்ன ஆகிறது என்பதை இந்தக் கணக்கோடு பார்த்தால்தான் புரியும். இது பெரியவர்கள் கணக்கு. குழந்தைக்கு இதில் சின்னப் பங்கு தவறினாலே பெரிய இழப்பு.

சரி, குடல் செல் உப்பை எப்படி உள்ளே எடுக்கிறது? அதற்குப் பல கதவுகள் உண்டு. அதில் ஒன்று, சிறுகுடல் செல்லின் உணவு படும் பக்கத்தில் இருக்கும் எஸ்ஜிஎல்டி-1 என்ற புரதம். பேங்க் லாக்கர் திறந்திருக்கிறீர்களா? நம் சாவி மட்டும் போட்டால் திறக்காது, மேனேஜர் சாவி மட்டும் போட்டாலும் திறக்காது, ரெண்டும் போட்டால்தான் திறக்கும். இந்தக் கதவும் அப்படித்தான். ரெண்டு சோடியமும் ஒரு குளுக்கோஸும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் புரதம் மடிந்து திரும்பி அவற்றை உள்ளே விடும். வெறும் குளுக்கோஸ் வந்தால் நகராது. வெறும் சோடியம் வந்தாலும் இந்தக் கதவு உதவாது.

உள்ளே தள்ளும் பலம் எங்கிருந்து வருகிறது என்றால், பின்பக்கத்திலிருந்து. செல்லின் ரத்தம் பக்கமிருக்கும் சவ்வில் சோடியம் பொட்டாசியம் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஏடிபி என்ற செல்லின் எரிபொருள் மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, ரெண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும். தொட்டியின் பின்பக்கம் மோட்டார் போட்டு இறைத்துக் காலியாகவே வைத்திருந்தால், முன்பக்கக் குழாயைத் திறந்ததும் தண்ணீர் தானாகக் கொட்டும் இல்லையா, அதே கதைதான். செல்லுக்குள் சோடியம் எப்போதும் குறைவு. அதனால் வெளியே இருக்கும் சோடியம் உள்ளே இறங்கத் துடித்துக்கொண்டிருக்கும், இறங்கும்போது குளுக்கோஸைக் கையோடு இழுத்துக்கொண்டு வரும். நாம் சும்மா படுத்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்கு இந்தப் பம்ப்புக்கே போகிறது. நண்டின் கால் நரம்பை வைத்து 1957-இல் இதைக் கண்டுபிடித்த டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கோ, நாற்பது வருடம் கழித்து 1997-இல் நோபல் வாங்கினார்.

இந்த லாக்கர் விஷயத்தை, அதாவது சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாகப் போகின்றன என்பதை, ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1960 ஆகஸ்ட்டில் பிராக் நகரத்தில் நடந்த ஒரு கருத்தரங்கில் முதன்முதலாகச் சொன்னார். அதற்கு முந்தின வருடம், 1959-இல், கொல்கத்தாவில் சம்புநாத் டே முயலின் குடலை வைத்துச் செய்த ஆராய்ச்சியில் காலரா எப்படிக் கொல்கிறது என்று கண்டுபிடித்திருந்தார். கிருமி குடலை அரிப்பதில்லை. அது விடும் நச்சுதான் வேலையைச் செய்கிறது. ஒன்று பிராக், ஒன்று கொல்கத்தா. ரெண்டும் சேரும் இடம்தான் ஓஆர்எஸ்.

காலரா நச்சு செய்வது இது. குடல் செல்லில் குளோரைடு வெளியே போக ஒரு கதவு இருக்கிறது. சாதாரணமாக அது தேவைக்குத் திறந்து தேவைக்கு மூடும். நச்சு செல்லுக்குள் புகுந்து அந்தக் கதவைத் திறந்தபடியே நிற்க வைத்துவிடும். குளோரைடு கொட்டும், சோடியம் பின்னால் போகும், தண்ணீர் அதன் பின்னால் போகும். பெரியவர்களுக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரைகூடப் போகும். அரிசி களைந்த கழுநீர் மாதிரி இருக்கும், மலம் என்றே சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் காலையில் நன்றாக இருந்தவர் சாயங்காலம் இல்லை என்று சொல்வார்களே, அது இதுதான். உப்பை உள்ளே எடுக்கும் வேறு சில வழிகளையும் நச்சு அடைத்துவிடுகிறது.

ஆனால் அந்த லாக்கரை நச்சு தொடுவதில்லை. காலராவின் உச்சத்திலும் எஸ்ஜிஎல்டி-1 கதவு ஒழுங்காக வேலை செய்கிறது. வெறும் தண்ணீர் கொடுத்தால் அப்படியே வழிந்து போகும், வெறும் உப்புத் தண்ணீர் கொடுத்தாலும் போகும். சோடியமும் குளுக்கோஸும் சரியான அளவில் சேர்த்துக் கொடுத்தால் ரெண்டும் உள்ளே போகும், தண்ணீர் அவற்றின் பின்னால் போகும். பேதி உடனே நிற்காது, நிற்க வேண்டிய அவசியமும் இல்லை. போவதைவிட அதிகமாக உள்ளே ஏற்றிக்கொண்டே இருந்தால் ஆள் பிழைத்துவிடுவார், நாலைந்து நாளில் குடல் செல்கள் தாமாகவே புதிதாகிவிடும். ஓஆர்எஸ் பேதியை நிறுத்தும் மருந்து இல்லை என்று நான் வாடிக்கையாளர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். "குடுத்தும் நிக்கலையே" என்று பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

டாக்காவில் டேவிட் நளின், ரிச்சர்ட் கேஷ் என்ற ரெண்டு இளம் டாக்டர்கள் 1968-இல் இதைக் காலரா நோயாளிகளிடம் முறையாகச் செய்து காட்டினார்கள். ஆனாலும் பெரிய டாக்டர்கள் நம்பவில்லை. ஊசி வழியாக ஏற்றும் சலைன் எங்கே, வாயில் ஊற்றும் உப்பு சர்க்கரைத் தண்ணீர் எங்கே என்ற எண்ணம். அதை மாற்றியது 1971.

வங்கதேசப் போரில் ஒரு கோடிப் பேருக்கு அருகில் எல்லை தாண்டி இந்தியாவுக்கு வந்தார்கள். மேற்கு வங்காளத்தில் பங்காவ் என்ற எல்லை ஊரின் ஆஸ்பத்திரியில் காலரா நோயாளிகள் தரையெங்கும் கிடந்தார்கள், சலைன் பாட்டில் தீர்ந்துகொண்டிருந்தது. கொல்கத்தாவிலிருந்து போயிருந்த டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் ஒரு முடிவெடுத்தார். லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், மூன்றரை கிராம் சாப்பாட்டு உப்பு, ரெண்டரை கிராம் சமையல் சோடா என்று கொல்கத்தாவில் எடை போட்டு, பாலித்தீன் பைகளில் அடைத்து, வாயைச் சூடான இஸ்திரிப் பெட்டியால் ஒட்டிக் கொண்டுவந்தார்கள். குழாய் வைத்த டிரம்களில் கரைத்து வைத்தார்கள். கூட வந்த அம்மாவோ அண்ணனோ டம்ளரில் பிடித்து நோயாளிக்குப் புகட்டினார்கள். நர்ஸ் வேண்டாம், ஊசி வேண்டாம். 30 சதவீதம் வரை இருந்த சாவு, அவர் பொறுப்பில் இருந்தவர்களிடம் 4 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது. அந்தப் பெயரை நம் பிள்ளைகள் பாடத்தில் படிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. 2022-இல் காலமானார், அதற்கு அடுத்த வருடம் பத்ம விபூஷண் அறிவித்தார்கள்.

1978-இல் லான்செட் மருத்துவ இதழ் தலையங்கத்தில், சிறுகுடலில் சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து போகின்றன என்ற கண்டுபிடிப்பு இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று எழுதினார்கள். அவர்கள் பாராட்டியது பாக்கெட்டை அல்ல, கதவை.

வங்கதேசத்தில் அதற்கப்புறம் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம். பாக்கெட் எல்லா ஊருக்கும் போய்ச் சேராது என்பதால், பிராக் (BRAC) என்ற அந்த நாட்டுத் தொண்டு நிறுவனம் 1980-இலிருந்து பத்து வருடம் வீடு வீடாகப் பெண் ஊழியர்களை அனுப்பி, மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் (ஏறக்குறைய அரை லிட்டர்) தண்ணீர் என்று சொல்லிக் கொடுத்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள். தாய்மார்களுக்குச் சொல்லிக் கொடுத்தது எவ்வளவு நினைவிருக்கிறது என்று பின்னால் வேறு ஆள் போய்ச் சோதிப்பார்கள், அதைப் பொறுத்துத்தான் ஊழியருக்குச் சம்பளம். சொன்னேன் என்பதற்குக் காசு கிடையாது, புரிய வைத்தேன் என்பதற்குத்தான் காசு. பாட்டியைப் பேசாமல் அனுப்பிய எனக்கு இந்தச் செய்தி உறைத்தது.

நம் வீட்டில் செய்ய முடியாதா என்றால், முடியும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. பாக்கெட் கிடைக்காத நேரத்துக்கு இது. பாக்கெட்டில் பொட்டாசியமும் சிட்ரேட்டும் இருக்கிறது, அதனால் பாக்கெட் கிடைத்தால் பாக்கெட்தான். அப்புறம் கஞ்சி. எங்கள் அப்பத்தா பேதி என்றால் அரிசியைக் குழைய வேகவைத்து, உப்புப் போட்டுத் தெளிவாகக் கொடுப்பார். அரிசி மாவு குடலில் மெதுவாகக் குளுக்கோஸாக உடைகிறது. ஒரேயடியாகச் சர்க்கரை சேராததால் அடர்த்தி ஏறாது, ஆனால் லாக்கருக்குத் தேவையான குளுக்கோஸ் வந்துகொண்டே இருக்கும். அரிசி வைத்துத் தயாரித்த ஓஆர்எஸ்ஸைக் காலராவில் முறையாகச் சோதித்து, நன்றாக வேலை செய்கிறது என்று பார்த்திருக்கிறார்கள். அப்பத்தாவுக்கு எஸ்ஜிஎல்டி தெரியாது, உப்புப் போடாத கஞ்சியை மட்டும் கொடுக்க விடமாட்டார்.

சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருந்தால் பிள்ளை விரும்பிக் குடிக்குமே என்று தோன்றும். அங்கேதான் மாட்டிக்கொள்கிறோம். உலக சுகாதார நிறுவனமே முதலில் லிட்டருக்கு 20 கிராம் குளுக்கோஸ் வைத்திருந்தது, மொத்த அடர்த்தி 311. அது சற்று அதிகம் என்று தெரிந்து, 2002-இல் குளுக்கோஸை 13.5 கிராமாகவும் உப்பை 2.6 கிராமாகவும் குறைத்து 245-க்குக் கொண்டுவந்தது. அவ்வளவு சின்ன மாற்றத்திலேயே பேதியின் அளவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது, சலைன் ஏற்ற வேண்டி வரும் குழந்தைகளும் குறைந்தார்கள். இப்போது டெட்ரா பாக்கெட்டில் வரும் பழச்சாறு பானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பொதுவாக 100 மில்லிக்கே 10 கிராம் சர்க்கரை இருக்கும், லிட்டருக்கு 100. லாக்கருக்கு ஈடான சோடியம் இல்லை, மிஞ்சிய சர்க்கரை குடலில் தங்கித் தண்ணீரை இழுக்கும். இப்படிப்பட்ட பானங்கள் பல வருடம் ஓஆர்எஸ் என்ற எழுத்தைப் பெயரோடு ஒட்டிக்கொண்டு மருந்துக் கடைகளிலேயே விற்றன. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் வருடக்கணக்காகப் போராடிய பிறகு, 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம், உரிய சேர்மானம் இல்லாத எதிலும் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உத்தரவு போட்டது. நானும் அவற்றை விற்றிருக்கிறேன். கேட்டவர்களுக்கு எடுத்துக் கொடுத்தேன். அந்த உத்தரவு வந்த அன்று ரேக்கிலிருந்து எல்லாவற்றையும் இறக்கியபோது, எத்தனை பிள்ளைகள் இதைக் குடித்திருக்கும் என்று நினைத்து மனது கனத்தது.

கதவு, பம்ப் என்று ஒருமுறை யோசிக்க ஆரம்பித்தால் கடையே வேறு மாதிரித் தெரிகிறது. காலையில் முதல் போணியே பான்டோபிரசோல்தான், அது இரைப்பைச் சவ்வில் அமிலத்தை வெளியே தள்ளும் பம்ப்பைப் பூட்டும் மாத்திரை. பிபி-க்கு ஆம்லோடிபின், ரத்தக்குழாய்த் தசையில் கால்சியம் கதவை அடைக்கும். கால் வீக்கத்துக்குக் கொடுக்கும் ஃபுரோசமைடு, சிறுநீரகத்தில் உப்பைத் திரும்ப எடுக்கும் கதவை அடைக்கும், உப்பு சிறுநீரில் போகும், தண்ணீரும் கூடவே போகும். சுகர்காரர்கள் வாங்கும் டாபாகிளிஃப்ளோசின் நம் லாக்கரின் தம்பி மேல் வேலை செய்கிறது. சிறுநீரகத்திலிருக்கும் எஸ்ஜிஎல்டி-2. அதை மூடிவிட்டால் சர்க்கரை ரத்தத்துக்குத் திரும்பாமல் சிறுநீரில் போய்விடும். போன வாரம்கூட ஒரு அண்ணன், "மாத்திரை போட்டும் யூரின் டெஸ்ட்ல சுகர் நாலு பிளஸ் காட்டுதே" என்று பதறி வந்தார். அந்த மாத்திரை சாப்பிட்டால் அப்படித்தான் காட்டும் அண்ணே, அதன் வேலையே அதுதான், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டுங்கள் என்று அனுப்பினேன்.

இப்போது என் கடையில் கவுண்டருக்குக் கீழே காலியான ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் நாலைந்து வைத்திருக்கிறேன். பெரிய பாக்கெட் வாங்குகிறவரிடம் வீட்டில் அளவு பாட்டில் இருக்கிறதா என்று கேட்பேன், இல்லையென்றால் ஒன்றைக் கொடுத்துவிடுவேன். பாக்கெட் மேலே மார்க்கரால் "1 லிட்டர்" என்று எழுதித் தருகிறேன், சின்னதில் "1 டம்ளர்". ரெண்டு வயதுக்குள் என்றால் ஒவ்வொரு முறை போனதற்கும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 100 முதல் 200. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாக. கூடவே டாக்டர் எழுதும் துத்தநாக (ஜிங்க்) மருந்தைப் பேதி நின்றாலும் 14 நாள் முடிக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. மலத்தில் ரத்தம், குடிக்க மறுப்பது, மயக்கம், கண் குழி விழுவது, தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்புவது, இதில் எது இருந்தாலும் கடைக்கு வராதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

உலகத்தில் இன்னும் வருடத்துக்கு ஐந்து வயதுக்குட்பட்ட நாலரை லட்சம் குழந்தைகள் அளவுக்கு வயிற்றுப்போக்கில் சாகிறார்கள். 1980 வாக்கில் அது 40 லட்சத்துக்கும் மேல்.

அந்தப் பாட்டி நேற்றும் வந்தார். இந்த முறை பேரனுக்கு இல்லை, மகளுக்கு. பாட்டிலைப் பையிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தார், நான் கொடுத்த அதே பாட்டில், பாதி இருந்தது. "சரியா ஒரு லிட்டர்தான் கரைச்சேன் தம்பி. நேத்து காலையில கரைச்சது, மிச்சத்த இன்னைக்கும் குடுக்கலாமா?" என்று கேட்டார். வேண்டாம் பாட்டி, ஒரு நாள்தான் கணக்கு, கொட்டிவிட்டு புதுசாகக் கரைத்துக் கொடுங்கள் என்று சொல்லி, பாட்டிலை நானே அலசிக் கொடுத்தேன்.